நூறு பவுண்ட் போனஸுக்கு எட்டாயிரம் பவுண்ட் ஆட்டம்

கேள்வி: ஐயா, பிரிட்டனின் லெஸ்டரில் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்க்கிறேன். வயது 27. டெலிகிராம் குழுவில் வந்த ஒரு லிங்க் வழியாக ஆன்லைன் கேசினோ ஒன்றில் 100 பவுண்ட் கட்டினேன். அவர்கள் 100 பவுண்ட் போனஸ் போட்டார்கள். '40 மடங்கு வேஜரிங்' என்று இருந்தது, அதாவது அத்தனை மடங்கு தொகைக்குப் பந்தயம் வைத்து ஆடி முடித்தால்தான் பணத்தை எடுக்கலாம். ஐந்து ராத்திரி ஸ்லாட் (திரையில் படங்கள் சுழலும் ஆட்டம்) ஆடி அதை முடித்தேன். கணக்கில் 712 பவுண்ட் இருந்தது. எடுக்கப் போனால், '5 பவுண்டுக்கு மேல் ஒரே பந்தயத்தில் வைத்துவிட்டீர்கள், விதிமீறல்' என்று ஜெயித்ததை எல்லாம் ரத்து செய்துவிட்டார்கள். நான் ஒரு சுற்றுக்கு 2 பவுண்டுக்கு மேல் வைத்ததே இல்லை. கட்டிய 100 பவுண்டை மட்டும் திருப்பித் தருவார்களாம். அதற்கும் பாஸ்போர்ட், மூன்று மாத பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்கிறார்கள். சமாதானத்துக்கு 200 சதவீத போனஸ் ஒன்று தருவதாகச் சொல்கிறார்கள். தஞ்சாவூரில் இருக்கும் மச்சானைச் சேர்த்துவிட்டால் இன்னும் 50 பவுண்ட். நான் ஏமாற்றப்பட்டேனா? புது போனஸை எடுத்து, விட்டதைப் பிடிக்கலாமா?

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய பதினாறு ஸ்கிரீன்ஷாட்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: எடுக்க வேண்டாம். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். இப்போது கடன் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தாலும், அதற்கு முன்பு ஒரு சூதாட்ட நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். போனஸ் என்பதை மேசையின் அந்தப் பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன்.

அங்கே போனஸை யாரும் பரிசு என்று சொல்ல மாட்டார்கள். மொத்த வருமானத்திலிருந்து கழிக்க வேண்டிய ஒரு செலவு அது, டிவி விளம்பரத்தைப் போல. இத்தனை பவுண்ட் போனஸ் கொடுத்தால் ஆட்கள் இத்தனை பவுண்டுக்கு ஆடுவார்கள், அதில் நமக்கு இவ்வளவு நிற்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் அந்த '100 சதவீதம்' என்ற எழுத்தைப் பெரிதாகப் போடுவார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டைப் பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் நாலாவது ஸ்கிரீன்ஷாட்டில் விதி இருக்கிறது: '40 மடங்கு, டெபாசிட்டும் போனஸும் சேர்த்து.' இந்த 'சேர்த்து' என்ற சொல்லைத்தான் முக்கால்வாசிப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். போனஸுக்கு மட்டும் 40 மடங்கு என்றால் 4,000 பவுண்டுக்கு ஆட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் 200 பவுண்டுக்கு 40 மடங்கு, அதாவது 8,000 பவுண்ட். சுற்றுக்கு 2 பவுண்ட் என்றே வைத்தாலும் 4,000 சுற்று. ராத்திரிக்கு 800. வேலை இடைவேளையிலும், விடிந்து அறைக்கு வந்த பிறகும் கட்டைவிரல் ஓயாமல் அழுத்தியிருக்கிறீர்கள்.

அந்த 8,000க்கு என்ன விலை? ஸ்லாட் ஆட்டத்தின் விவரப் பக்கத்தில் ஆர்.டி.பி. என்று ஒரு சதவீதம் இருக்கும். 96 சதவீதம் என்றால், பந்தயமாக வைக்கப்படும் ஒவ்வொரு 100 பவுண்டிலும் நீண்ட கால சராசரியில் 96 திரும்பி வரும், 4 அவர்களுக்கு நிற்கும். கட்டிய 100இல் 96 பத்திரமாகக் கையில் இருக்கும் என்று இதைப் புரிந்துகொள்ளாதீர்கள். திரும்பி வந்த 96ஐயும் மறுபடி வைக்கிறீர்கள், அதிலும் 4 சதவீதம் போகிறது, அப்புறம் அதிலும். 8,000க்கு 4 சதவீதம் 320 பவுண்ட். உங்கள் கையில் இருந்ததோ, போனஸையும் சேர்த்து 200. அதாவது சராசரி ஆள் பாதி வழியிலேயே காலியாகிவிடுவார். அதுவும் 96 சதவீத ஆட்டமாக இருந்தால். ஒரே பெயரில் உள்ள ஸ்லாட்டையே 96, 94, 92 என்று பல அளவுகளில் தயாரிப்பாளர்கள் விற்கிறார்கள். எதைப் போடுவது என்பது தளத்தின் விருப்பம். 94 என்றால் இதே 8,000க்கு 480 போகும்.

நீங்கள் 712 பவுண்டோடு கரை சேர்ந்தது நிஜமாகவே அபூர்வம். அப்படி அபூர்வமாக வந்து சேரும் ஆளுக்காகத்தான் மிச்ச விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன.

'நான் 2 பவுண்டுக்கு மேல் வைத்ததே இல்லை' என்கிறீர்கள். ஒன்பதாவது ஸ்கிரீன்ஷாட், மூன்றாம் ராத்திரி, மணி 2:14. அதற்கு முந்தைய வரிகளில் எல்லாம் பந்தயம் 0.20, 0.20, 0.20. திடீரென்று ஒரு வரியில் 20.00. அடுத்த வரி மறுபடி 0.20. நீங்கள் பொய் சொல்லவில்லை. அந்த ஆட்டத்தில் ஓரமாக 'ஃபீச்சரை வாங்கு' என்று ஒரு பொத்தான் இருந்திருக்கும். இலவசச் சுற்றுகள் தானாக விழும் வரை காத்திருக்காமல் காசு கொடுத்து வரவழைக்கிற வசதி அது. பல ஆட்டங்களில் அதன் விலை பந்தயத்தைப் போல 100 மடங்கு. 20 பென்ஸுக்கு 100 மடங்கு 20 பவுண்ட். நீங்கள் அதை ஏதோ ஒரு வசதி என்று நினைத்து அழுத்தினீர்கள். அவர்கள் ஏட்டில் அது 20 பவுண்ட் பந்தயம். மிச்ச ஆயிரக்கணக்கான சுற்றும் அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போயின.

எனக்கு இதில் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. உங்கள் போனஸ் எவ்வளவு ஆடி முடிந்தது என்பதைப் பைசா சுத்தமாகக் கணக்கிட்டுப் பச்சைக் கோட்டில் காட்டத் தெரிந்த மென்பொருளுக்கு, 5 பவுண்டைத் தாண்டும் பந்தயத்தை அப்போதே தடுக்கத் தெரியாதா? தெரியும். இரண்டு வரி நிரல் போதும். சில தளங்கள் தடுக்கவும் செய்கின்றன. தடுக்காமல் விட்டு, ஜெயித்த பிறகு பழைய ஏட்டைப் புரட்டுவது வேறு விதமான வியாபாரம். தோற்றிருந்தால் அந்த 2:14 வரியை யாரும் தேடிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னும் இரண்டு விதிகள் உங்கள் மீது பாயத் தயாராக இருந்தன. ஒன்று, உங்களுடையது ஒட்டும் வகை போனஸ். ஆடப் பயன்படும், எடுக்க முடியாது. எல்லாம் சரியாக நடந்திருந்தாலும் 712இலிருந்து அந்த 100ஐக் கழித்து 612தான் தந்திருப்பார்கள். இன்னொன்று, 'அதிகபட்சம் டெபாசிட்டைப் போல 5 மடங்கு வரை எடுக்கலாம்' என்ற வரி ஏழாவது படத்தின் அடியில் இருக்கிறது. ஆக 500. நீங்கள் திரையில் பார்த்த 712 எந்தக் கணத்திலும் 712ஆக இருக்கவில்லை.

ஸ்லாட்டை விட்டு பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டம் ஆடியிருந்தால் தப்பித்திருக்கலாமே என்று யாராவது குழுவில் சொல்வார்கள். நன்றாக ஆடத் தெரிந்தவருக்கு எதிராக பிளாக்ஜாக்கில் கேசினோவின் அனுகூலம் அரை சதவீத அளவுதான். அது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் பிளாக்ஜாக்கில் வைக்கும் 10 பவுண்டுக்கு 1 பவுண்டை மட்டும் கணக்கில் சேர்ப்போம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் அதுவும் சேராது. 10 சதவீதம் என்றால் உங்கள் 8,000, 80,000 ஆகிவிடும். அதில் அரை சதவீதம் 400. ஸ்லாட்டில் 320, இங்கே 400. எந்த வாசல் வழியாகப் போனாலும் கட்டணம் ஏறக்குறைய ஒன்றுதான். ரூலெட் சக்கரத்தில் சிவப்பிலும் கருப்பிலும் ஒரே நேரத்தில் வைத்துக் காசை அதிகச் சேதமில்லாமல் சுழற்றலாம் என்று கண்டுபிடித்தவர்களுக்கும் தனியாக ஒரு விதி உண்டு. 'முறையற்ற ஆட்டம்' என்று போனஸைப் பிடுங்கிவிடுவார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் அப்படிப்பட்டவர்களின் பெயர்கள் தனி ஷீட்டில் இருந்தன. தோற்கிறவர்களுக்கு அப்படி ஷீட் இருந்ததாக நினைவில்லை. அவர்களுக்கு இருந்தது பிறந்தநாள் போனஸ்.

சரி, ஏமாற்றப்பட்டீர்களா என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு அந்த 40 என்ற எண்ணிலேயே பாதி பதில் இருக்கிறது. பிரிட்டனில் சூதாட்ட ஆணையத்தின் புதிய விதி 2026 ஜனவரி 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. போனஸ் தொகையைப் போல 10 மடங்குக்கு மேல் வேஜரிங் வைக்கக் கூடாது. அதற்கு முன்பு இங்கேயும் 35, 40, 50 எல்லாம் சகஜம். 65 வைத்த தளங்களும் இருந்தன. இன்றைக்கு ஒரு தளம் உங்களிடம் 40 கேட்கிறது என்றால், தளத்தின் அடியில் எந்த உரிம முத்திரை இருந்தாலும் அது பிரிட்டன் விதிக்குக் கட்டுப்பட்ட தளம் அல்ல. 'ஃபீச்சரை வாங்கு' பொத்தானும் அதற்கு இன்னொரு அடையாளம். இங்கே உரிமம் பெற்ற தளங்களில் அதை வைக்க அனுமதி இல்லை. ஸ்லாட்டில் 25 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சுற்றுக்கு 5 பவுண்ட், 18 முதல் 24 வயது வரை 2 பவுண்ட் என்று 2025 முதல் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஒரு சுற்று தொடங்கி அடுத்தது தொடங்கக் குறைந்தது இரண்டரை நொடி ஆக வேண்டும் என்பது 2021 முதல் உள்ள விதி.

நீங்கள் ஆடிய தளத்தின் அடியில் இருந்தது கரீபியனில் உள்ள குராசாவ் தீவின் உரிம முத்திரை. அந்த முத்திரை நிஜமானதாகவே இருக்கலாம். ஆனால் 2014ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, உலகின் எந்த மூலையில் இருந்து நடத்தினாலும் சரி, லெஸ்டரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் பணம் வாங்கி ஆட்டம் நடத்த பிரிட்டன் ஆணையத்தின் உரிமம் வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் பொதுப் பதிவேடு இருக்கிறது. நிறுவனத்தின் பெயரைப் போட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். போட்டுப் பார்த்தேன். இல்லை.

இங்கே உரிமம் உள்ள தளமாக இருந்தால் உங்களுக்கு வழிகள் இருந்திருக்கும். முதலில் அவர்களிடமே புகார். எட்டு வாரத்தில் தீராவிட்டால் ஐபாஸ் போன்ற நடுவர் அமைப்பிடம் செலவில்லாமல் போகலாம். கட்டிய சொந்தப் பணத்தை போனஸ் விதியைக் காட்டிப் பிடித்துவைக்கக் கூடாது என்று போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2018இலேயே பெரிய நிறுவனங்களிடம் உறுதி எழுதி வாங்கியிருக்கிறது. நீதிமன்றமும் உண்டு. ஆண்ட்ரூ கிரீன் என்பவர் 2018 ஜனவரியில் பெட்ஃப்ரெட் தளத்தில் பிளாக்ஜாக் ஆடி 17 லட்சம் பவுண்ட் ஜெயித்தார். மென்பொருள் கோளாறு, விதிப்படி தர வேண்டியதில்லை என்றது நிறுவனம். அந்த விதிகள் அவர் கவனத்துக்கு ஒழுங்காகக் கொண்டுவரப்படவில்லை என்று 2021இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உடனே உற்சாகப்பட வேண்டாம். தேசிய லாட்டரியின் இணைய ஆட்டத்தில் பத்து லட்சம் பவுண்ட் விழுந்ததாகத் திரையில் பார்த்த ஜோன் பார்க்கர்-கிரெனன் வழக்கில், 'ஒப்புக்கொள்கிறேன்' என்று சொடுக்கியதே விதிகளை ஏற்றதாகும் என்று 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவருக்குக் கிடைத்தது 10 பவுண்ட். விதியை எங்கே, எப்படிக் காட்டினார்கள் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

ஆனால் இதெல்லாம் இங்கே உரிமம் உள்ளவர்களுக்கு. உங்கள் விஷயத்தில் வழக்கு போட எதிராளியின் விலாசமே ஒரு தபால் பெட்டி. அந்த 712 வரும் என்று நம்ப வேண்டாம். என்னால் வேறு விதமாக எழுத முடியவில்லை.

கட்டிய 100க்கு என்ன செய்யலாம்? நானாக இருந்தால் 100 பவுண்டுக்காகப் பாஸ்போர்ட் பக்கத்தையும் மூன்று மாத ஸ்டேட்மெண்டையும் முகம் தெரியாதவர்களுக்கு அனுப்ப மாட்டேன். அவை வேறு யார் கைக்கும் போகலாம். டெபிட் கார்டில் கட்டியதால் முதலில் உங்கள் பேங்குக்குப் போன் செய்யுங்கள். உங்கள் ஸ்டேட்மெண்டில் அந்தப் பணம் கேசினோ பெயரில் போகவில்லை, ஏதோ ஆன்லைன் துணிக்கடை பெயரில் போயிருக்கிறது. கவனித்தீர்களா? சூதாட்டக் கட்டணங்களைத் தடுக்கும் வசதி பேங்க் ஆப்பில் இருந்தாலும் இப்படித் துணிக்கடை என்று வகை மாற்றி வந்தால் அதன் கண்ணில் படாது. இதைச் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன், கேட்பதில் நஷ்டம் இல்லை. கார்டை மாற்றியும் வாங்கிவிடுங்கள். அதே படங்களைச் சூதாட்ட ஆணையத்துக்கும் அனுப்புங்கள். உங்கள் பணத்தை அவர்கள் மீட்டுத் தர மாட்டார்கள், ஆனால் சட்டவிரோதத் தளங்களைப் பற்றிய தகவலை வாங்கிக்கொள்வார்கள்.

புது போனஸின் கணக்கையும் போட்டுவிடுகிறேன், ஆசை மிச்சம் இருந்தால் போகட்டும். 100 கட்டினால் 200 போனஸ், 50 மடங்கு, இரண்டும் சேர்த்து. 300க்கு 50 மடங்கு 15,000 பவுண்ட். 4 சதவீதம் என்றால் 600 பவுண்ட் விலை, கையில் 300. இங்கே உரிமம் உள்ள ஒரு தளத்தில் 100 போனஸுக்கு 10 மடங்கு என்றால் 1,000 பவுண்ட் ஆட்டம், விலை 40. காகிதத்தில் 60 மிஞ்சுகிறது. அப்படியென்றால் அவர்கள் ஏன் தருகிறார்கள் என்று கேளுங்கள். அந்த 1,000 முடிந்ததும் எழுந்து போகிறவர்கள் குறைவு. எங்கள் அலுவலகத்தில் போனஸ் செலவை முதல் வாரத்தை வைத்து யாரும் எடை போட்டதில்லை, ஆறு மாதத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

மச்சான் விஷயம். இதுவரை லிங்க் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் இன்றே கூப்பிட்டு, தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பார்க்காமல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்கிறது. அவற்றை விளம்பரப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். விளம்பரத்துக்கு உடந்தையாக இருப்பதும் அதில் அடக்கம். வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் ரெஃபரல் லிங்க்கை ஒரு வக்கீல் எப்படி வாசிப்பார் என்று சோதித்துப் பார்க்கிற அளவுக்கு 50 பவுண்ட் பெரிய தொகை இல்லை. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆன்லைனில் சூதாடுகிறவருக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. நீங்கள் லெஸ்டரில் இருப்பீர்கள். விளக்கம் சொல்லித் திரிய வேண்டியது தஞ்சாவூரில் இருக்கும் அவர், அப்புறம் உங்கள் அக்கா.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒன்று. உங்களுக்கு வந்த அந்த டெலிகிராம் செய்தியின் முதல் வரி, 'கேம்ஸ்டாப்பில் இல்லாத தளம்' என்று. கேம்ஸ்டாப் என்பது, நானே என்னைத் தடுத்துக்கொள்கிறேன் என்று ஆறு மாதத்துக்கோ, ஒரு வருடத்துக்கோ, ஐந்து வருடத்துக்கோ பெயர் கொடுக்கிற ஏற்பாடு. பெயர் கொடுத்தவரை பிரிட்டன் உரிமம் உள்ள எந்த ஆன்லைன் தளமும் உள்ளே விடக் கூடாது. பெயர் கொடுக்காத ஒருவருக்கு அந்த முதல் வரியால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. நீங்கள் எப்போதாவது பெயர் கொடுத்தீர்களா?

இதைக் கேட்பதற்குக் காரணம் பதினாறாவது படம். 100 பவுண்ட் போன வரியைக் காட்டுவதற்காக ஸ்டேட்மெண்டை எடுத்திருக்கிறீர்கள். அதற்கு மேலே அதே வாரத்தில் இன்னும் இரண்டு வரிகள் தெரிகின்றன, 60 பவுண்டும் 150 பவுண்டும், அதே மாதிரி பெயர்களில். அவற்றைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. குற்றம் சொல்ல வரவில்லை. என் மேசைக்கு வரும் முதல் கடிதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், பாதித் தொகையோடு. 0808 8020 133 என்பது தேசிய சூதாட்ட உதவி எண். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், உங்கள் 2:14க்கும்கூட. போனில் கேம்பான் என்ற தடுப்பு ஆப்பைப் போட்டுக்கொண்டால், இப்படி வெளிநாட்டுத் தளங்களில் பெரும்பாலானவை திறக்காது. அந்த இரண்டு வரியைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். இங்கே பிரசுரிக்க மாட்டேன், உங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.